கையால் மாற்றுவதா, தானே மாறுவதா? – பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவோர்க்குச் சில வார்த்தைகள்

புதிய கார் வாங்குபவருக்குப் பணத்தைப் பற்றிய கவலை மாத்திரமே உண்டு. பிறர் ஓட்டிக் கழித்த காரை வாங்குபவருக்கோ, முன்னர் அதனை ஓட்டியவர் யார், எவ்வாறு ஓட்டினார், எதனை மறைக்கின்றார் என்னும் கவலைகளும் சேர்ந்துகொள்கின்றன. அந்தக் கார் விரைந்து செல்வதற்கென்றே ஆக்கப்பட்ட ஸ்போர்ட்ஸ் காராகவும் அமைந்துவிட்டால் வேறொரு வினாவும் வந்து வழிமறிக்கும். கியரைக் கையால் மாற்றும் காரை வாங்குவதா? அல்லது தானாகவே மாற்றிக்கொள்ளும் காரை வாங்குவதா? முன்னையதை 'மனுவல்' என்றும் பின்னையதை 'ஓட்டோ' என்றும் வழக்கிலே கூறுகின்றோம். இக்கட்டுரையிலும் அவ்வாறே கூறுவோம்.

இத்தகைய கார்கள் நம் நாட்டுத் தெருக்களிலே அருமையாகவே காணப்படும். ஆயினும் இங்கிலாந்திலும் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் குடியேறி, அங்கே உழைத்துப் பொருளீட்டும் நம்மவர் பிள்ளைகளுக்கு இஃது எட்டாக் கனியன்று. புதிதாக வாங்க முடியாத காரைப் பத்து இருபது ஆண்டுகள் கழித்து அரைவிலைக்கும் குறைவாக வாங்கிவிட வழியுண்டு. வாங்கிய பின்னரே வீட்டில் வழக்குத் தொடங்குகின்றது. ஆதலின் பெற்றோரும், பௌதிகம் பயிலும் மாணவரும், இரு திறத்தாரும் அறிந்துகொள்ளத்தக்க செய்திகள் இதிலே உள என்று கருதியே எழுதத் துணிந்தோம்.

பெட்டி எதற்கு?

சைக்கிள் மிதித்துப் பழகியவர்க்கு இதனை விளக்குதல் எளிது. எதிர்க்காற்றிலே பாரமும் ஏற்றிக்கொண்டு மிதிக்கும்போது கால் ஓய்ந்துபோகின்றது. காற்று நின்று பாதையும் சரிந்துவிட்டாலோ, எவ்வளவு விரைவாக மிதித்தாலும் கால் வெறுமனே சுழல்கின்றது. மனிதனுடைய கால் ஒரு குறித்த வேகத்திலேதான் நன்றாக உழைக்கும். பெற்றோல் எஞ்சினும் அத்தகையதே. நிமிடத்துக்கு எழுநூறு எண்ணூறு சுழற்சியிலே அது பெயருக்கு உயிர் வாழ்கின்றது. நாலாயிரம் ஐயாயிரத்திலேதான் அதன் வலிமை வெளிப்படுகின்றது. சில்லுகளோ ஓய்வு நிலையிலிருந்து மணிக்கு 250 கிலோமீற்றர் வரை சுழல வேண்டியவை. இவ்விரண்டுக்குமிடையே நின்று சமாதானம் செய்விப்பதே பற்சக்கரப் பெட்டியின் தொழில்.

ஒரு பற்சக்கரத்தை விட்டு மற்றொன்றுக்கு மாறும்போது, ஒரு கணம் எஞ்சினுக்கும் சில்லுகளுக்குமுள்ள தொடர்பை அறுத்தல் வேண்டும். அதற்காகவே இடக்காலால் மிதிக்கும் கிளச்சு அமைந்தது. பழங்காலத்துச் சாரதிமார் பற்கள் ஒன்றையொன்று கடித்து அலறாதபடி கிளச்சை இருமுறை மிதித்து, எஞ்சின் வேகத்தையும் காதாற் கேட்டுச் சரிப்படுத்தியே கியர் மாற்றினர். 1928 இல் அமெரிக்காவின் கடிலக் கார்களிலே புகுத்தப்பட்ட ஓர் அமைப்பு இத்தொல்லையைப் பெரிதும் நீக்கியது. சேரப்போகும் இரண்டு பற்சக்கரங்களையும் முதலில் உராய்வினாலே ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்து, பின்னரே அவற்றைச் சேர்க்கும் வளையங்கள் அவை. நிலைமொழியையும் வருமொழியையும் செவிக்கு இன்னாமை தோன்றாமற் சேர்த்துவைக்கும் சந்தி இலக்கணம் எமக்கு நினைவுக்கு வருகின்றது. தமிழாசிரியர் அல்லாதார் இதனைப் பொறுத்தருள்க.

கிளச்சையே ஒழித்துவிட வழியுண்டா என்று ஆராய்ந்தவர்களுக்கு உதவியது, கப்பலுக்கெனத் தோன்றிய ஓர் எண்ணமாகும். ஜெர்மானியப் பொறியியலறிஞர் ஹெர்மன் பியொட்டிங்கர் 1905 ஆம் ஆண்டிலே உரிமை பெற்ற அமைப்பில், ஒரு சக்கரம் திரவத்தைச் சுழற்றி எறிகின்றது. எதிரேயுள்ள சக்கரம் அத்திரவத்தின் வேகத்தினாலே சுழல்கின்றது. இரும்புக்கும் இரும்புக்குமிடையே தொடுகை இல்லை. ஒரு மின்விசிறியைச் சுழலவிட்டு அதன் எதிரே இயங்காத மற்றொரு விசிறியை வைத்தால் அதுவும் மெல்லச் சுழலத் தொடங்குவதை ஒத்தது இது. அமெரிக்காவின் ஒல்ட்ஸ்மொபில் நிறுவனம் 1940 ஆம் ஆண்டுக்குரிய கார்களிலே முழுத் தானியங்கிப் பெட்டியை விலைக்கு வழங்கியது. இவ்வாறு ஒயில் வழியாகச் சக்தியைக் கடத்தும் முறை ஓட்டுவோனுக்குச் சுகமானதுதான். எனினும் ஒயில் வழுக்கும். வழுக்கும்போது சக்தியின் ஒரு பகுதி வெப்பமாகக் கழிந்துபோகும். ஓட்டோ கார் மந்தமானது, எரிபொருளை அதிகம் குடிப்பது என்னும் பழம்பழி இதிலிருந்தே பிறந்தது.

ஸ்போர்ட்ஸ் கார் என்றாலே மனுவல் என்று எண்ணுவோர்க்கு வியப்பளிக்கும் செய்தி ஒன்றுண்டு. அமெரிக்கரின் பெருமைக்குரிய ஷெவ்ரலே கொர்வெட் 1953 இல் முதன்முதலாக வெளிவந்தபோது, அவ்வாண்டிலே செய்யப்பட்ட 300 கார்களும் இரண்டே வேகப்படிகள் கொண்ட ஓட்டோ பெட்டி உடையனவாகவே இருந்தன. மனுவல் பெட்டி அதற்கு 1955 இலேதான் வாய்த்தது. ஆகவே ஓட்டோ என்பது பிற்காலத்தார் புகுத்திய சோம்பேறித்தனம் என்று கூறுவது வரலாற்றுக்குப் பொருந்தாது.

ஒரே கார், நான்கு பெட்டிகள்

எல்லாக் கார்களையும் எடுத்து ஆராய்ந்தால் கட்டுரை நீளும். ஜெர்மனியின் போர்ஷே 911 என்னும் ஒரு காரை மாத்திரம் எடுத்துக்கொள்வோம். 1960 களின் நடுப்பகுதி தொடக்கம் இன்றுவரை இடையறாது செய்யப்பட்டு வருவதாலும், மனுவல், ஓட்டோ ஆகிய இருவகையிலும் பழைய கார்கள் தாராளமாக விற்பனைக்கு வருவதாலும் இவ்வாராய்ச்சிக்கு அதனினும் ஏற்றது வேறில்லை.

1967 இல் போர்ஷே நிறுவனம் 'ஸ்போர்ட்டோமற்றிக்' என்னும் ஒரு நடுவழிப் பெட்டியை வெளியிட்டது. அதிலே கிளச்சு மிதி இல்லை. ஆனால் கியர்த்தண்டு உண்டு. சாரதி தண்டிலே கைவைத்த மாத்திரத்திலே ஒரு மின்தொடர்பு கிளச்சை விடுவிக்கும். கையை எடுத்தால் கிளச்சு மீண்டும் பற்றிக்கொள்ளும். அவ்வாண்டிலேயே நியூர்பூர்க்ரிங் ஓடுபாதையில் நடைபெற்ற 84 மணிநேரப் பந்தயத்தில் இப்பெட்டி பூட்டிய 911 முதலிடம் பெற்றது. ஆயினும் கியர்த்தண்டின்மேற் கையை ஓய்வாக வைத்துக்கொண்டு ஓட்டும் பழக்கமுடையோர் படும் பாட்டை எண்ணிப் பாருங்கள்! கை சாய்ந்ததும் எஞ்சின் தனியே சுழன்று அலறும். காரோ இழுவையின்றி வெறுமனே உருளும். 1980 அளவில் இப்பெட்டி கைவிடப்பட்டது. இன்று இது பூட்டிய கார்கள் பழம்பொருள் சேர்ப்போரின் விருப்பத்துக்குரியன. நாடோறும் ஓட்ட வாங்குவோர்க்கு நாம் பரிந்துரைக்க மாட்டோம்.

அடுத்து 1990 ஆம் ஆண்டுக்குரிய கார்களுடன் வந்தது 'ரிப்ட்ரொனிக்'. இது பியொட்டிங்கரின் ஒயில் முறையைச் சார்ந்த உண்மையான ஓட்டோ பெட்டி. வேண்டும்போது தண்டைத் தட்டிச் சாரதியே கியரைத் தெரிந்துகொள்ளவும் வழிசெய்யப்பட்டது. இன்று பழைய கார்ச் சந்தையிலே மலிவாகக் கிடைக்கும் 911 பெரும்பாலும் 996 என்னும் குறியீடுடைய வகையாகும். 1997 இல் வெளிவந்த அக்காரின் 3.4 லீற்றர் எஞ்சின் 300 குதிரை வலு உடையது. ஆறு படிகள் கொண்ட மனுவல் பெட்டியோடு அது ஓய்விலிருந்து 100 கிலோமீற்றர் வேகத்தை 5.2 வினாடியில் எட்டும் என்பது நிறுவனத்தின் கணக்கு. ஐந்து படி ரிப்ட்ரொனிக்கோடு அதற்கு 6.0 வினாடி வேண்டும். உச்ச வேகமும் 280 இலிருந்து 275 ஆகக் குறைந்தது. அடுத்த தலைமுறையான 997 இலும், 2004 முதல் 2008 வரை, மனுவலுக்கு 5.0, ரிப்ட்ரொனிக்குக்கு 5.5 என்றே கணக்கு நின்றது. அக்காலத்திலே வேகத்தை விரும்பினோர் மனுவலையே நாடியதற்கு நியாயம் இருந்தது.

2008 இன் நடுப்பகுதியிலே நிலைமை தலைகீழாயிற்று. 'பி.டி.கே.' என்று சுருக்கமாக வழங்கும் இரட்டைக் கிளச்சுப் பெட்டி 911 இலே பூட்டப்பட்டது. இதன் தத்துவம் மாணவர்கள் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. ஒற்றைப்படைக் கியர்கள், அதாவது ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, ஒரு தண்டிலும் இரட்டைப்படைக் கியர்கள் மற்றொரு தண்டிலும் அமைந்துள்ளன. இரு தண்டுகளுக்கும் தனித்தனிக் கிளச்சு உண்டு. மூன்றாம் கியரிலே கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே நான்காம் கியர் மற்றைத் தண்டிலே முன்கூட்டியே பொருத்தப்பட்டுக் காத்திருக்கும். வேண்டிய கணத்திலே ஒரு கிளச்சு விட மற்றது பற்றும். சக்தி அறுபடுவதே இல்லை. பழகிய கைக்கும் கியர் மாற்ற ஏறக்குறைய அரை வினாடி வேண்டியிருக்க, இவ்விடத்திலே இழப்பு ஏதும் இல்லாமற் போகின்றது. ஒயில் வழுக்கும் சக்கரமும் இங்கு இல்லை.

இந்த எண்ணம் புதிதன்று. பிரான்சு நாட்டின் அடொல்ப் கெக்ரெஸ் என்பவர் இரண்டாம் உலகப் போருக்கு முன்னரே இரட்டைக் கிளச்சை வகுத்தார். போர்ஷே நிறுவனம் 1980 களில் 956, 962 என்னும் பந்தயக் கார்களிலே அதனைப் பரீட்சித்தது. 1986 இல் இத்தாலியின் மொன்சாவில் நடந்த பந்தயத்தில் அத்தகைய கார் வென்றும் காட்டியது. ஆனால் ஈரத்தண்டுபோல் எடைமிகுந்த அப்பெட்டியை இடமறிந்து இயக்கவல்ல மின்னணு மூளை அன்று போதிய அளவு வளர்ந்திருக்கவில்லை. பொதுமக்கள் வாங்கும் காரிலே முதன்முதலாக இதனை விற்றது வொக்ஸ்வாகன் நிறுவனம். அஃது 2003 இல்.

பி.டி.கே. பூட்டிய 997, நூறு கிலோமீற்றரை 4.7 வினாடியில் எட்டியது. அதே காரின் மனுவலுக்கு 4.9 வேண்டியிருந்தது. வேகத்தின் பொருட்டு மனுவலை வாங்குகின்றேன் என்று இனி ஒருவர் கூற இடமில்லை.

தோற்றவன் விலை ஏறிய கதை

வேகத்திலே தோற்ற மனுவல் மறைந்தொழிந்திருக்க வேண்டுமல்லவா? நடந்ததோ வேறு. 2013 இல் போர்ஷே தன் ஓட்டுவோர்க்கெனவே சிறப்பாகச் செய்யும் ஜி.டி.3 என்னும் காரைப் பி.டி.கே. பெட்டியோடு மாத்திரமே வெளியிட்டது. பழைய அன்பர்கள் மனம் புண்பட்டனர். 2016 இல் '911 ஆர்' என்னும் காரை ஆறுபடி மனுவலோடு மாத்திரம், 991 எண்ணிக்கையில் மட்டுமே செய்தது. வாங்கியவர்களிற் சிலர் அதனைப் பட்டியல் விலையின் இரண்டு மடங்குக்கும் மேலாக விற்றனர். மறு ஆண்டிலே ஜி.டி.3 காருக்கும் மனுவல் திரும்பி வந்தது. அக்காரிலே மனுவல் 3.9 வினாடியும் பி.டி.கே. 3.4 வினாடியும் எடுக்கும் என்று நிறுவனமே அச்சிட்டிருந்தும், மெதுவானதைக் கேட்டு வாங்கினார்கள்.

இத்தாலியரின் பெராரியிலும் இதுவே கதை. அவர்கள் 1989 இல் பந்தயக் காருக்கு ஸ்டியரிங்கின் பின்னே விரலால் இழுக்கும் கியர் இதழ்களை அமைத்தனர். நைஜல் மான்சல் அதனை ஓட்டிப் பிரேசிலில் முதற் போட்டியிலேயே வென்றார். 1997 இல் அம்முறை 355 என்னும் தெருக்காருக்கும் வந்தது. அதன்பின் வாங்குவோரெல்லாம் இதழையே வேண்டினர். விளைவு யாதெனில், எப் 430 போன்ற கார்களிலே மனுவல் அருகிப்போய், இன்று அருகிய அதுவே பழைய கார்ச் சந்தையிற் பெருந்தொகை அதிகமாக விலைபோகின்றது.

இதற்குக் காரணம் வெறும் அருமை மட்டுமன்று. வளைவை அணுகும்போது வலக்காலின் முன்பாகத்தாற் பிறேக்கை மிதித்து, அதே காலின் ஓரத்தால் முடுக்கியையும் ஒரு தட்டுத் தட்டி, இடக்காலாற் கிளச்சை விட்டு, கையாற் கியரைக் கீழிறக்கி, இந்நான்கும் ஒரு மூச்சிலே இசைந்து நிகழும்போது உண்டாகும் இன்பம் தனி. மிருதங்கம் பயின்றவர்க்கு அது விளங்கும். நன்றாக வாசிக்கும் இயந்திரம் ஒன்று வந்துவிட்டது என்பதற்காக மிருதங்கம் பயில்வதை ஒருவரும் விட்டுவிடவில்லையே. நெரிசலிலே அடிக்கொரு தரம் நின்று நகரும் பெருநகரத் தெருவிலோ அதே கிளச்சு தண்டனையாகிவிடும். இரண்டும் உண்மை. எந்தத் தெருவிலே அதிகம் ஓட்டப்போகின்றோம் என்பதை வாங்குமுன் நேர்மையாக எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

எம்மிடம் பயின்று இங்கிலாந்திற் பொறியியலாளராக இருக்கும் ஒருவர் இவ்விடயத்தில் எமக்கு நீண்ட கடிதம் எழுதியிருந்தார். இருபது ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பணத்தில், வீட்டுக்கடன் போக எஞ்சியதைக் கொண்டு ஒரு 996 வாங்க விரும்பினார். மனுவல்தான் வேண்டும் என்பது அவருடைய பள்ளிக்காலக் கனவு. மனைவியாரோ ஓட்டோ காரிலே பரீட்சை எடுத்துச் சித்தியடைந்தவர். அந்நாட்டுச் சட்டப்படி ஓட்டோவிற் பெற்ற அனுமதிப்பத்திரத்தைக் கொண்டு மனுவல் காரைச் செலுத்த முடியாது. மீண்டும் மனுவலிலே பரீட்சை எடுத்தல் வேண்டும். "நான் தொடமுடியாத காரை நம்முடைய கார் என்று எனக்குச் சொல்லாதீர்கள், உங்களுடைய கார் என்று சொல்லி வாங்குங்கள், நான் தடுக்கவில்லை" என்று அவ்வம்மையார் கூறினாராம். தடுக்கவில்லை என்னும் அச்சொல்லே அவரைத் தடுத்துவிட்டது என்று எழுதியிருந்தார்.

இதில் எம்முடைய கருத்தை அவர் கேட்டதால் எழுதினோம். இரண்டாவது கார் வேறு இருக்குமானால் மனுவலை வாங்குவதிற் குறையில்லை. இருவரும் சேர்ந்து நெடும்பயணம் செல்வதற்கே இக்கார் என்றால், பாதிவழியில் ஒருவர் களைத்தபோது மற்றவர் ஏற்றுச் செலுத்த முடியாமற் போவது வெறும் மனத்தாங்கலுக்குரிய விடயமன்று, உயிருக்குரிய விடயம். மேலும் 996 வகையிலே ரிப்ட்ரொனிக் கார்கள் மனுவலிலும் பொதுவாகக் குறைந்த விலைக்கே கிடைக்கின்றன. எட்டிலொரு பங்கு வினாடியன்று, எட்டுப் பத்திலொரு பங்கு வினாடியே நட்டம். மிஞ்சிய பணத்தைப் பழுதுபார்க்கும் செலவுக்கு வைத்துக்கொள்ளலாம். அவர் ரிப்ட்ரொனிக்கையே வாங்கினார். அடுத்த கோடையில் இருவரும் ஸ்கொத்லாந்தின் மலைநாட்டைச் சுற்றி வந்தனர். திரும்புகையிலே முழுவழியையும் மனைவியாரே செலுத்தினார் என்று எழுதினார். மனுவல் ஆசை தீர்ந்துவிட்டதா என்று கேட்டோம். தீரவில்லை என்றே பதில் வந்தது.

முழங்கால் வலி உடையோர்க்கும், இடக்காலிலே சத்திரசிகிச்சை செய்துகொண்டோர்க்கும் இவ்விவாதமே வேண்டியதில்லை. ஸ்போர்ட்ஸ் கார்களின் கிளச்சு சாதாரணக் கார்களினும் கனமானது. ஐம்பது வயதுக்குப் பின்னரே இவ்வகைக் காருக்குப் பணம் சேர்கின்றது என்பது உலக வழக்கின் ஒரு வேடிக்கை.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

மனுவல் காரிலே முதலில் ஐயுற வேண்டியது கிளச்சையே. காலியான நேரான தெருவிலே உயர்ந்த கியரில் மெதுவாகச் சென்றுகொண்டிருக்கும்போது முடுக்கியை முழுமையாக அழுத்துக. எஞ்சினின் சுழற்சி விர்ரென்று உயர, காரின் வேகம் மாத்திரம் உயராதிருக்குமானால் கிளச்சுத் தட்டுத் தேய்ந்துவிட்டது. பெட்டி குளிர்ந்திருக்கும்போது இரண்டாம் கியருக்கு மாற்றுகையில் உறுமல் கேட்டால் முன்னே கூறிய உராய்வு வளையங்கள் தேய்ந்தன என்று கொள்க. கியர் தானாக நழுவி நடுநிலைக்கு வருமானால் பேரம்பேசுவதை நிறுத்திவிடலாம்.

இவற்றினும் பெரியது கண்ணுக்குத் தெரியாத ஒரு நோய். அதிவேகத்திலே ஐந்தாம் கியரிலிருந்து நான்குக்கு இறக்க எண்ணியவன் தவறி இரண்டுக்கு இறக்கிவிட்டால், சில்லுகளின் வேகம் எஞ்சினைப் பலவந்தமாகச் சுழற்றும். எஞ்சினுக்குரிய காவலெல்லாம் எரிபொருளை நிறுத்தவே வல்லவை. பின்னாலிருந்து தள்ளும் சில்லுகளை அவை என் செய்யும்? வால்வுகள் பிஸ்டனிலே மோதி ஒரு கணத்தில் எஞ்சின் பாழாகலாம். அல்லது உடனே பாழாகாமல் உள்ளே ஊனத்தோடு ஓடிக்கொண்டிருக்கலாம். 996, 997 கார்களின் மின்னணு மூளை இத்தகைய மிகைச்சுழற்சிகளை, எந்த எல்லையைக் கடந்தன, கடைசியாக எஞ்சின் ஓடிய எத்தனையாவது மணியில் நிகழ்ந்தன என்று பதிந்து வைத்திருக்கின்றது. விற்பவர் மறந்தாலும் அது மறப்பதில்லை. வாங்குமுன் தேர்ந்த திருத்துநர் ஒருவரைக் கொண்டு அப்பதிவை எடுத்துப் பார்த்தல் வேண்டும். ரிப்ட்ரொனிக்கிலும் பி.டி.கே.யிலும் இவ்வாபத்து இல்லையென்றே கூறலாம்; தகாத கியரைக் கேட்டால் பெட்டி கொடுக்க மறுத்துவிடும். பலர் கைமாறிய காருக்கு இது சிறிய நன்மையன்று.

996 காருக்கும் 997 இன் முற்பகுதிக்கும் உரிய மற்றொரு குறையையும் இங்கே சொல்லிவிடுதல் நலம். அவ்வெஞ்சின்களிலே இடைத்தண்டு ஒன்றைத் தாங்கும் பெயரிங் சிலவேளை நொறுங்கி எஞ்சினையே அழித்துவிடும். அமெரிக்காவிலே இதன்பொருட்டு வழக்கும் நடந்து 2013 இல் இணக்கமாயிற்று. அதனை மாற்றுவதற்குப் பற்சக்கரப் பெட்டியைக் கழற்ற வேண்டும். மனுவல் காரிலே கிளச்சு மாற்றும்போது எப்படியும் பெட்டி கழற்றப்படுவதால் இரண்டையும் ஒரே கூலியில் முடித்துவிடலாம். ஆகவே 996 மனுவல் வாங்குவோர் கிளச்சு எப்பொழுது மாற்றப்பட்டது, அப்பொழுது பெயரிங்கும் மாற்றப்பட்டதா என்று பற்றுச்சீட்டோடு கேட்க வேண்டும். 2006 அளவிலிருந்து பெரிய பெயரிங் பூட்டினார்கள். அது வலியது, ஆனால் எஞ்சினைப் பிரிக்காமல் அதனை வெளியே எடுத்தல் இயலாது. 2008 இன் புதிய எஞ்சினிலே அத்தண்டே இல்லை.

ரிப்ட்ரொனிக்கைப் பரீட்சிப்பது எளிது. நின்ற நிலையிலே முன்னோக்கும் நிலைக்கும் பின்னோக்கும் நிலைக்கும் மாற்றிப் பார்க்கும்போது தாமதமோ உதறலோ இருத்தலாகாது. ஒயில் மாற்றப்பட்டதற்குச் சான்று கேட்க வேண்டும். வாழ்நாள் முழுவதும் மாற்ற வேண்டாத ஒயில் என்று யாரேனும் கூறினால், எவருடைய வாழ்நாள் என்று கேளுங்கள். நீண்ட இறக்கங்களிலே ஓட்டோ காரையும் கீழ்க்கியருக்குத் தட்டி இறக்கியே செல்லல் வேண்டும். கடுகண்ணாவை இறக்கத்தை அறிந்தவர்க்குப் பிறேக் சூடேறித் தீய்ந்த மணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

பி.டி.கே. உறுதியானதென்றே பெயர் பெற்றுள்ளது. ஆயினும் பழுதுற்றால் செலவு அஞ்சத்தக்கது. உள்ளேயுள்ள சிறு உணரி ஒன்று கெட்டாலும் முழுப் பெட்டியையும் மாற்றுமாறு தொடக்கத்திலே சொல்லப்பட்டதுண்டு. இப்பொழுது அப்பெட்டியைத் திறந்து உணரியை மட்டும் மாற்றவல்ல தேர்ந்த தொழிலாளர் பல நாடுகளிலே உளர். நம் ஊருக்கு அருகில் அத்தகையோர் உண்டா என்று விசாரித்த பின்னரே வாங்குதல் தகும். கிளச்சு ஒயிலும் பற்சக்கர ஒயிலும் வெவ்வேறானவை. இரண்டுக்கும் தனித்தனிப் பற்றுச்சீட்டு இருத்தல் வேண்டும்.

இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது கூட்டம் ஒன்றுண்டு. மனுவல் பெட்டியையே வைத்துக்கொண்டு, அதன் ஒற்றைக் கிளச்சையும் கியர் மாற்றுதலையும் எண்ணெய் அழுத்தத்தால் இயக்கும் கார்கள் அவை. 2001 முதல் வந்த பி.எம்.டபிள்யூ. எம் 3 காரின் எஸ்.எம்.ஜி. பெட்டியும், பெராரி 355 முதல் எப் 430 வரையிலுள்ள இதழ்க்கியரும் இவ்வகையின. நகரத்து நெரிசலிலே இவற்றின் கிளச்சு விரைவிலே தேயும். அழுத்தம் கொடுக்கும் பம்பு கெட்டால் செலவும் பெரிது. எம் 3 உடையோர் சிலர் மிதியையும் தண்டையும் பூட்டி மனுவலாகவே மாற்றிக்கொள்கின்றனர். உள்ளே இருப்பது மனுவல் பெட்டியாதலின் அது கைகூடுகின்றது. ஆயினும் அவ்வாறு மாற்றிய கார், பிறக்கும்போதே மனுவலாகப் பிறந்த காரின் விலையைப் பெறுவதில்லை. விற்பவர் எதனைச் சொல்லி விற்கின்றார் என்பதைத் தொழிற்சாலைக் குறிப்போடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

எவ்வகைப் பெட்டியாயினும் முதல் ஓட்டத்தை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே தொடங்குதல் வேண்டும். உராய்வு வளையத்தின் உறுமலும், ஓட்டோ பெட்டியின் தயக்கமும் ஒயில் சூடேறியதும் ஒளிந்துகொள்ளும். 911 இன் எஞ்சின் பின்புறத்திலே உள்ளது. விற்பவர் வீட்டுக்குச் சென்றதும் பின்மூடியை ஒருமுறை கையாற் தொட்டுப் பாருங்கள். அது முன்னரே சூடாக இருந்தால், மறுநாட் காலையில் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடுக.